அப்பாட பெட்போர்ட்டுக்கு லைட் வேல செஞ்ச இடம்: நல்லதும் கெட்டதும்

முதல்ல ஒண்டு சொல்லிர்றன், லொறிக்கு லைட் வயரிங் வேல செய்யிற இந்தக் கடைக்கு போர்ட் கிடையாது. இலங்கையிட கிழக்குக் கரையில, மருதமுனை தாண்டி கல்முனைக்குப் போகக்குள்ள மெயின் றோட்டில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கை, அதுக்குள்ள ஒரு வாகை மரம், மரத்துக்குக் கீழ ரெண்டு தகரம், ஒரு மேச, நாலஞ்சி செத்த பெட்டரி, அவ்வளவுதான் கடை. பேரும் எழுதல்ல, ஏனெண்டா அவரே "நெட்டில கிட்டில போட்ராத தம்பி, ஆக்கள் வந்து குவிஞ்சா எனக்கு ஏலா" எண்டு சொல்லிட்டாரு. பழைய லொறி வெச்சிரிக்கிற ஆரிட்டயாச்சும் கேட்டா காட்டுவாங்க. நான் அவர காக்கா எண்டுதான் எழுதப் போறன், எங்கட பக்கத்து ஆக்களுக்கு விளங்கும், மத்த ஊர் ஆக்களுக்கு: பறவ இல்ல, அண்ணன்.

வண்டி பெட்போர்ட் டீகே. இங்கிலாந்தில 1960ல வெளிய விட்ட மொடல், மூக்கு இல்லாம தட்டையா இரிக்கும், கதவுக்குப் பின்னால இரிக்கிற மூடியத் துறந்தாத்தான் எஞ்சினத் தொடலாம். எங்கடது அதுக்குக் கனக்கப் பிந்தி வந்தது. அப்பா இத வாங்கக்குள்ள நான் பொறக்கல்ல, அதால வீட்டில எனக்கு மூத்தது இந்த லொறிதான், மரியாதையும் அதுக்குத்தான் கூட. பின்பக்கம் மரப் பொடி (மூடை ஏத்திற பெட்டி, மரத்தில செஞ்சது), பெட்டரி ரெண்டு, 24 வோல்ட். இந்த 24 எண்டதயும் மரப் பொடி எண்டதயும் ஞாபகத்தில வெச்சிக்கோங்க, கதையே அதுக்குள்ளதான் கிடக்கு.

எங்கட ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரை, வெள்ளாவெளிக்கு அங்கால. பெரும்போக நெல்லு வெட்டுக்காலத்தில வயல்ல மூடை ஏத்தி முடிக்கக்குள்ள பொழுது பட்டிரும், மறுகா பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடிக்கு வந்து சம்மாந்துறை மில்லுக்குப் போகணும். பாலத்துக்கு இங்கால வாற வரைக்கும் ஆனைப் பயம். கறுப்பு றோட்டில கறுப்பு ஆனை நிண்டா லைட் அடிச்சாலே கிட்டப் போய்த்தான் தெரியும், எங்கட வண்டியில எரிஞ்ச லைட்டுக்கு ஆனைதான் எங்களப் பார்த்து ஒதுங்கணும், அந்த மாதிரி.

வருத்தம் மூணு. ஹெட்லைட் ரெண்டும் காமாலை பிடிச்ச கண் மாதிரி மஞ்சளா, முன்சில்லுக்கு நாலடி முன்னாலதான் வெளிச்சம். ரெண்டாவது பின்பக்கம், ரைட் சிக்னல் போட்டா ரெண்டு பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்கும், பிரேக்க மிதிச்சா சிக்னல் நிண்டுரும், கால எடுத்தா மறுகா மினுங்கும், பின்னால வாற ஆக்களுக்கு நாங்க என்ன சொல்லுறம் எண்டு எங்களுக்கே தெரியாது. மூணாவதுதான் பெரிய பிசாசு: பின்பக்க லைட்டுக்குரிய பியூஸ் நினைச்ச நேரம் போகும். வீட்டில நிண்டா ஒண்டும் இல்ல, பாதி வழியில போகும். அப்பா சிகரெட் பெட்டிக்குள்ள இரிக்கிற வெள்ளித் தாளச் சுத்திச் சுத்திப் போட்டு ஓடின ஆள், அது செய்யப்படாத வேல, நெருப்புப் பத்தும், ஆனா அந்த ராவில வேற என்னதான் செய்யிற.

முதல்ல வேற ஒரு இடத்துக்குத்தான் கொண்டு போன நாங்க, எங்க எண்டு சொல்லல்ல, சண்டைக்கு வருவாங்க. அங்க என்ன செஞ்சாங்க எண்டா எல்லா பல்பையும் கழட்டி எறிஞ்சிட்டு புதுசு பூட்டினாங்க, சிக்னலுக்கு எல்ஈடி போட்டாங்க, பியூஸ் போகுது எண்டு சொன்னதுக்கு 10 அம்பியர் இருந்த இடத்தில 30 அம்பியர் குத்தி "இனிப் போகாது" எண்டாங்க. உண்மதான், பியூஸ் போகல்ல, வயர்தான் உருகிச்சி. கெபினுக்குள்ள றப்பர் எரியிற மணம் வந்து அப்பா ஒழும்பிப் பாய்ஞ்சி பெட்டரி லக்க (வயர் நுனியில இரிக்கிற உலோகப் பிடி) கழட்டினதாலதான் வண்டி மிஞ்சிச்சி. எல்ஈடி போட்ட சிக்னல் மினுங்கவே இல்ல, போட்டா போட்டபடி எரிஞ்சிக்கிட்டே நிக்கும். அதுக்குக் காரணம் பிறகு காக்கா சொன்னாரு, சிக்னல மினுங்க வைக்கிற பழைய பிளாஷர் டப்பா உள்ளுக்கு கம்பி சூடாகித்தான் வேல செய்யிறது, எல்ஈடி இழுக்கிற கரண்ட் அதச் சூடாக்கவே காணாது, அப்ப எப்புடி மினுங்கும். 9,000 ரூவா சல்லி அங்க போச்சி.

சரி, காக்காட கடை. வெள்ளன ஏழரைக்குப் போய் நிண்டம், அவரு வந்தது ஒம்பதே முக்காலுக்கு. வந்தும் வயர் ஒண்டயும் தொடல்ல. ஒரு முக்காலியப் போட்டு இருந்து கேள்வி. எப்ப இருந்து, மழைக்கா வெயிலுக்கா, லோட்டோடயா வெறும் வண்டியிலயா, பியூஸ் போற நேரம் பிரேக் மிதிச்சதா சிக்னல் போட்டதா. அப்பா என்னப் பார்த்து மெல்லமா "பரிசாரி நாடி பிடிக்கிறாரு" எண்டாரு. மறுகா அப்பாவ சீட்டில ஏத்தி ஒவ்வொரு சுவிட்சாப் போடச் சொல்லி, தான் பின்னுக்கு நிண்டு எது எரியிது எது எரியல்ல எது மங்குது எண்டு பிஸ்கட் பெட்டி மட்டையில கோடு கீறி எழுதினாரு. அந்த மட்டைய நான் வீட்ட கொண்டு வந்துட்டன், இப்பயும் இரிக்கு. அதப் பார்த்துட்டு சொன்னாரு, "அண்ணன், உங்கட பல்பு ஒண்டும் பழுதில்ல. பின்னுக்கு எர்த் இல்ல."

எப்புடி எண்டு கேட்டதுக்கு அவரு சொன்னது எனக்கு நல்லாப் பிடிச்சிது. கரண்ட் பல்புக்குள்ள போனா காணாது, திரும்பி பெட்டரிக்கு வரணும், அந்தத் திரும்பி வாற வாசல்தான் எர்த், அது பூட்டிக் கிடந்தா அடுத்த ஊட்டுக்குள்ளால பூந்து வரும். சிக்னல் பல்புக்குள்ள போன கரண்ட் எர்த் வழி இல்லாம பார்க் லைட் கம்பிக்குள்ளால திரும்புது, அதான் பார்க் லைட் மினுங்குது. பிரேக் மிதிச்சா அந்தப் பக்கமும் கரண்ட் வந்து நிண்டுரும், ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர்த்து நிக்கும், சிக்னல் சாகும். மீற்றரில ஒரு கம்பிய பெட்டரி நெகட்டிவிலயும் மத்தத பின் லைட்டுட இரும்புலயும் வெச்சிட்டு பிரேக்க மிதிக்கச் சொன்னாரு, 11 வோல்ட் காட்டிச்சி. அரை வோல்ட்டே கூட, இது 11. எர்த் நல்லா இரிந்தா அதில கிட்டத்தட்ட ஒண்டும் காட்டப்படாதாம்.

ஏன் எர்த் இல்ல எண்டா பொடி மரம். லைட்டு மரத்தில ஆணி அடிச்சி நிக்கிது, பின்கதவுப் பிணைச்சல் இரும்போட ஒரு வயரச் சுத்தி வெச்சிரிக்கான் ஆரோ, பிணைச்சல் பெயின்ட்டும் துருவும். காரில எண்டா பொடியே இரும்பு, லைட்டப் பூட்டினா எர்த் தானா வந்துரும், மரப் பொடி லொறியில அதுக்கெண்டு தனி வயர் சேசிக்கு (லொறிட அடி இரும்புச் சட்டம்) இழுக்கணும். இவ்வளவு நாளும் அது இல்லாம பிணைச்சல நம்பி ஓடியிரிக்கம். அதோட ஒரு காலத்தில இந்த வண்டி வாழைச்சேனைத் துறையில இருந்து ஐஸ் மீன் ஏத்தினது, உப்புத் தண்ணி வடிஞ்சி வடிஞ்சி பின்பக்கம் எல்லாம் பொரிஞ்சி போய்த்தான் கிடக்கு. காக்கா ரெண்டு பக்கத்துக்கும் கறுப்பு வயர் புதுசா இழுத்து, சேசியில ஒரு இடத்த அரத்தால வெள்ளையாகும் வரைக்கும் சுரண்டி, பல்லு வொஷர் போட்டு நட்டு இறுக்கி, மேல கிரீஸ் பூசினாரு. சிக்னலுக்குப் பழைய மாதிரியே 21 வாட் பல்பு. அரை நாள் வேல. அதோட ரெண்டாம் வருத்தம் சரி.

இதுக்குள்ள ஒரு பகிடி. இடது பக்கம் பார்க் லைட் பளிச்செண்டு எரியும், பிரேக் மிதிச்சா மங்கலா எரியும். பிரேக் பல்புக்கு உள்ள ரெண்டு கம்பி, 21 வாட்டும் 5 வாட்டும், மாறிப் போகப்படாது எண்டுதான் பக்கத்தில இரிக்கிற ரெண்டு பின்னையும் உயரம் மாத்தி வெச்சிரிப்பான், ஒரு பக்கமாத்தான் ஹோல்டருக்குள்ள போகும். முந்திப் போன இடத்தில பொடியன் ஒருத்தன் அது போகல்ல எண்டு ஒரு பின்ன அராவிட்டுத் தலகீழா குத்தியிரிக்கான். காக்கா அந்தப் பல்பக் கையில வெச்சி ஒரு நிமிசம் பார்த்துக்கிட்டே நிண்டாரு, ஒண்டும் பேசல்ல.

ஹெட்லைட்டுக்கு வாறன். அங்கதான் நான் கனக்கப் படிச்ச. என்னட்ட ஒரு சின்ன மீற்றர் இரிக்கு, வீட்டில வெச்சி ஹெட்லைட் சொக்கட்டக் கழட்டி அளந்து பார்த்த நான், 24க்கு மேல காட்டிச்சி, அப்ப வயர் சரிதானே எண்டு நினைச்சன். காக்கா சிரிச்சாரு. மீற்றர் கரண்ட் குடிக்காது தம்பி, வயருக்குள்ள ஒரே ஒரு நூல் மிஞ்சிக் கிடந்தாலும் முழு வோல்ட்டும் காட்டும், பல்ப மாட்டினாத்தான் அந்த நூலால ஏலாது எண்டு தெரியும். அதான் அவரிட்ட மீற்றரோட ஒரு டெஸ்ட் லாம்பும் எப்பயும் கழுத்தில தொங்கும், சாதாரண 21 வாட் பல்பு ஒண்டு, ரெண்டு வயர், ஒரு கிளிப். பல்பு எரிஞ்ச நிலையிலயே அளந்தாரு. பெட்டரியில 24.6, பல்பில 19.9. மிச்சம் எங்க போச்சி எண்டும் தேடினாரு, பல்புக்குப் போற வழியில 2.9, எர்த் வழியில 1.8, கூட்டினா கணக்கு சரி. வோல்ட் அஞ்சில ஒண்டு குறைஞ்சா வெளிச்சமும் அஞ்சில ஒண்டுதான் குறையும் எண்டு நினைக்கப்படாது, அரவாசி போயிரும். அதான் காமாலை.

காரணம் என்னெண்டா, எங்கட வண்டியில ஹெட்லைட் எரியிற முழுக் கரண்டும் டாஷ்போர்ட் சுவிட்சுக்குள்ள போய், மறுகா காலால மிதிக்கிற டிம் சுவிட்சுக்குள்ள போய்த்தான் முன்னுக்கு வருது. டிம் சுவிட்ச் கிடக்கிறது அப்பாட செருப்புக்குக் கீழ, வயல் சேறு அப்பின செருப்பு. கழட்டிக் காட்டினாரு, உள்ளுக்கு செப்பு எல்லாம் கருகி பச்சைப் பூஞ்சணம் பிடிச்ச மாதிரி. அதத் துடைச்சி வெச்சிட்டு ரெண்டு ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டப் போட்டு நிப்பாட்டுற சுவிட்ச்) போட்டாரு, பிரைட்டுக்கு ஒண்டு டிம்முக்கு ஒண்டு. 24 வோல்ட் ரிலே எண்டு பார்த்து வாங்கணும், 12 வோல்ட்டு போட்டா சுருள் கருகிரும், கடையில ரெண்டும் ஒரே மாதிரித்தான் இரிக்கும். ரிலேட 30ம் நம்பர் காலுக்கு பெட்டரியில இருந்து பியூஸோட நேரா தடிச்ச வயர், 87ல இருந்து பல்புக்கு, 86க்கு பழைய சுவிட்ச் வயர், 85 எர்த். இப்ப சுவிட்சுக்குள்ள போறது ரிலேயக் கிளிக் பண்ணுற அளவு கரண்ட் மட்டும்தான், ஒரு கையால திருப்பிப் பெரிய தண்ணியத் திறக்கிற வாய்க்கால் கதவு மாதிரி எண்டு அப்பாக்கு விளங்கப்படுத்தினாரு, அப்பாக்கு உடன விளங்கிச்சி. முன்பக்க எர்த்தையும் சுரண்டிப் பூட்டிட்டு மறுகா அளந்தா பல்பில 23.9. புதுப் பல்பு ஒண்டும் வாங்கல்ல, அதே பல்புதான்.

வயர் கலரையும் சொல்லணும். இங்கிலாந்து வண்டியளுக்கு லூகாஸ் கலர் எண்டு ஒரு முறை இரிக்கு, சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட்லைட், பச்சையில வெள்ளக் கோடு ரைட் சிக்னல், பச்சையில சிவப்புக் கோடு லெப்ட், பச்சையில ஊதாக் கோடு பிரேக், கறுப்பு எர்த். லூகாஸ் கொம்பனிய இங்கிலாந்துக்காரனே 'இருட்டுட இளவரசன்' எண்டு பகிடி பண்ணுறதாம், ஆனா கலரப் பொறுத்த மட்டில நல்ல ஒழுங்கு. எங்கட வண்டியில டாஷ்போர்டுக்குக் கீழ மட்டும் அந்தக் கலர் மிஞ்சியிரிந்திச்சி, அங்கால முப்பது வருசமா ஆராரோ பூட்டின மஞ்சள் வயர், எல்லாம் மஞ்சள். காக்கா ஒவ்வொண்டுக்கும் துணி நாடாவில எழுதிக் கட்டினாரு.

இப்ப பிசாசு. பியூஸ் போறது முதல் நாள் கிடைக்கல்ல. பின்பக்க பல்பு எல்லாத்தையும் கழட்டிட்டு, பியூஸ எடுத்துட்டு அந்த ரெண்டு முனைக்கும் இடையில அதே டெஸ்ட் லாம்ப மாட்டினாரு. பல்பு எல்லாம் கழட்டினா கரண்ட் போக வழி இல்ல, லாம்பு எரியப்படாது, எரிஞ்சா எங்கயோ வயர் இரும்பில முட்டுது எண்டு அர்த்தம், பியூஸ் பத்து பதினஞ்சி எரிச்சித் தேடத் தேவல்ல. வயரப் பிடிச்சி ஆட்டினாரு, பொடியத் தட்டினாரு, காக்காவோட நிக்கிற பொடியன் பின்னுக்கு ஏறிக் குதிச்சான், ஒண்டும் எரியல்ல. பின்னேரம் ஆகிட்டு. அப்பாக்குக் கோவம். காக்கா அந்த மட்டையப் பார்த்துட்டு "அண்ணன், நீங்க லோட்டோட எண்டுதானே சொன்னீங்க, அப்ப நெல்லோட கொண்டு வாங்க, வெறும் வண்டியில இது ஒளிச்சிக்கும்" எண்டாரு.

நாலு நாள் கழிச்சி மில்லுக்குப் போற வழியில மூடையோடயே போய் நிண்டம். லாம்ப மாட்டின உடன மினுக்கெண்டு எரிஞ்சிச்சி! எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சி, அப்புடி ஒரு சந்தோசம், சோட் ஆனதுக்கு சந்தோசப்பட்ட மனுசன் நானாத்தான் இரிக்கும். கீழ பூந்து வயர ஒவ்வொரு சாணா விலக்கி விலக்கி வரக்குள்ள ஒரு இடத்தில லாம்பு அணைஞ்சிச்சி. ஸ்பெயார் சில்லு தொங்கிற இடத்துக்கு மேல, பொடிக்கும் சேசிக்கும் இடையில வயர் நசியிது. வெறும் வண்டியில அங்க விரல் நுழையிற இடைவெளி, மூடை ஏத்தினா மரம் இறங்கி வயர இரும்போட அமத்தும். வீட்டில நிண்டா ஏன் வரல்ல எண்டது அப்பதான் விளங்கிச்சி. வயர வேற வழியால கொண்டு போய், றப்பர் குழாய்க்குள்ள விட்டு, 10 அம்பியர் பியூஸ் போட்டுத் தந்தாரு. ரெண்டு மாசமா அதே பியூஸ்தான் இரிக்கு.

கடைசியா அவரே கண்டுபிடிச்ச ஒண்டு, நாங்க கேட்கவும் இல்ல. ரெண்டு பெட்டரியில ஒண்டு 12.7, மத்தது 11.9. ஏன் எண்டு பார்த்தா கெசட் செட்டுக்கு ஒரு பெட்டரியில இருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திரிக்கம், நான் தான் பள்ளிக்கூடக் காலத்தில பூட்டின. பாட்டுக் கேட்கிற பெட்டரி பட்டினி கிடக்கும், சார்ஜ் வரக்குள்ள மத்தது கூடக் குடிச்சி தண்ணி கொதிச்சிப் போகும், ரெண்டும் கெதியாச் சாகும். 24ஐ 12 ஆக்கிற சின்னப் பெட்டி ஒண்டு பூட்டித் தந்தாரு. என்னட்ட ஆரு பூட்டின எண்டு கேட்டாரு, நான் தெரியா எண்டுட்டன்.

சல்லிக் கணக்கு: கூலி 14,000, ரிலே வயர் பியூஸ் ஹோல்டர் எல்லாம் சேர்த்து 11,500, அந்தப் பெட்டி 4,500. மொத்தம் 30,000. கூடவா எண்டா, பார்த்ததுக்கும் கூலி எடுக்கிறாரு, அதச் சிலருக்குப் பிடிக்காது, "பார்த்ததுக்கு என்ன காசு" எண்டு என்ர மச்சானே கேட்டான். நான் சொன்ன, பார்க்காமப் பூட்டினவனுக்கு 9,000 குடுத்த நாங்க எண்டு.

இப்ப குறை. போன் எடுக்கமாட்டாரு, நேர போய்த்தான் பிடிக்கணும். பில் இல்ல. லொறிக்குக் கூரை இல்ல, மழை வந்தா வேல நிண்டுரும், அதால மார்கழி தை மாசத்தில போனா ஒரு நாள் வேல மூணு நாள். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முன்னயும் பின்னயும் எண்டு பாதி நாள் இல்ல, போகாதீங்க. வாய் கொஞ்சம் காரம், வண்டியப் பார்த்து "இது லொறியா மிட்டாய்ப் பெட்டியா" எண்டு அப்பாக்கு முன்னாலயே கேட்டாரு, அப்பா வீட்ட வாற வரைக்கும் பேசல்ல. அதோட கூட நிக்கிற பொடியன்ட வேல அவருட வேல மாதிரி இல்ல, ரெண்டு கிழமையால லெப்ட் சிக்னல் நிண்டிச்சி, கொண்டு போய்ப் பார்த்தா லக் ஒண்டு சரியா அமத்தாம வெறும் டேப்பால சுத்தியிரிக்கு. காக்கா சல்லி எடுக்காம திருப்பிச் செஞ்சாரு, ஆனா பிழை பொடியன்ட எண்டு சொல்லாம "நீங்க மேடு பள்ளத்தில கொண்டு போயிரிப்பீங்க" எண்டாரு. படுவான்கரையில மேடு பள்ளம் இல்லாத றோட்ட நான் எங்க போய்த் தேடுற.

காத்திரிக்கிற நேரத்துக்கு மருதமுனைக்குக் கிறுகிப் போய் கைத்தறிச் சாரி பார்க்கலாம், அம்மா எங்கள அனுப்பினதே அதுக்குத்தானோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். ஒண்டுக்கு மூணு வாங்கி வந்தம், அதச் சேர்த்தா வயரிங்குக்கு ஆன சல்லி இன்னும் கூடும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். வண்டி ஓட ஏத்ததா எண்டு பார்க்கிற பிட்னஸுக்குக் கொண்டு போகக்குள்ள லைட்டுல ஒரு குறையும் சொல்லல்ல, போன கிழமை ராவில பாலத்துக்கு அங்கால ரெண்டு ஆனை குட்டியோட நிண்டதத் தூரத்திலயே கண்டு அப்பா வண்டிய நிப்பாட்டி லைட்ட டிம் பண்ணிட்டு இருந்தாரு, அதுகள் ஆறுதலாப் போச்சி. டாஷ்போர்ட் லைட் மட்டும் இன்னும் எரியல்ல. அதையும் செய்யச் சொன்னதுக்கு, ஸ்பீட் மீற்றரே வேல செய்யாத வண்டிக்கு அந்த லைட் என்னத்தக் காட்டுறதுக்கு எண்டு காக்கா கேட்டாரு. அப்பா இன்னும் யோசிச்சிக்கிட்டு இரிக்காரு.